காரின் பின்பக்கத்தை மட்டும் இறக்கப் போறீங்களா? லோயரிங் ஸ்பிரிங் மாட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை - முழு விவரம்

செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்விஃப்ட் வாங்கியாச்சு. அலாய் வீல் மாட்டியாச்சு. பாலிஷும் போட்டாச்சு. ஆனாலும் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஏதோ ஒன்று உறுத்துகிறது. பின் சக்கரத்துக்கும் அதற்கு மேலே இருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நாலு விரல் தாராளமாக நுழைகிறது. முன்பக்கம் ஓரளவு சரியாக இருக்க, பின்பக்கம் மட்டும் தூக்கிக்கிட்டு நிற்பது போல ஒரு தோற்றம்.

நண்பர்கள் உடனே சொல்வது ஒன்றுதான்: "பின்னாடி லோயரிங் ஸ்பிரிங் போட்டுடு மச்சி, கெத்தா இருக்கும்."

கேட்பதற்கு எளிதான வேலை போலத்தான் தெரியும். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி, உயரம் குறைந்த புது ஸ்பிரிங்கை மாட்டுவது, அவ்வளவுதானே? சில கார்களில் வேலை உண்மையிலேயே சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த 30 மில்லிமீட்டர் இறக்கத்தால் பிரேக், டயர், ஹெட்லைட் வெளிச்சம், இன்சூரன்ஸ் எல்லாமே மாறலாம். பின் சீட்டில் உட்காரும் குடும்பத்தின் முதுகும் இந்தப் பட்டியலில் உண்டு. என்ன, எப்படி, எங்கே ஆபத்து? விரிவாகப் பார்க்கலாம்.

பின்பக்கம் ஏன் உயரமாக இருக்கு?

இதை வடிவமைப்புக் குறை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வேண்டுமென்றே வைத்த உயரம்.

காலி காரில் ஓட்டுநர் மட்டும் போகும்போது பின்பக்கத்தில் எடை மிகக் குறைவு. இன்ஜின், கியர் பாக்ஸ் எல்லாம் முன்னால் இருக்கின்றன. ஆனால் அதே காரில் பின் சீட்டில் மூன்று பேர் ஏறி, டிக்கியில் நாலு பை வைத்தால் கூடும் எடையில் பெரும்பகுதி பின் ஸ்பிரிங் மேல்தான் விழும். அப்போது கார் பின்னால் படுத்துவிடாமல் சமமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே, காலியாக இருக்கும்போது பின்பக்கம் கொஞ்சம் உயர்த்தி வைக்கப்படுகிறது. ஊருக்குப் போகும்போது ஐந்து பேரும் லக்கேஜுமாக நிற்கும் காரை ஒருமுறை பக்கவாட்டில் பாருங்கள். அந்த 'நாலு விரல்' இடைவெளி எங்கே போனது என்று புரிந்துவிடும்.

லோயரிங் ஸ்பிரிங் என்றால் என்ன?

கம்பெனி ஸ்பிரிங்கைவிட உயரம் குறைவாகவும், அதே நேரத்தில் அதைவிட விறைப்பாகவும் செய்யப்பட்ட சுருள் ஸ்பிரிங்தான் லோயரிங் ஸ்பிரிங். ஜெர்மனியைச் சேர்ந்த ஐபாக் போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கின்றன. ஐபாக் தொடங்கிய ஆண்டு 1951.

உயரத்தைக் குறைத்தால் போதாதா, விறைப்பு எதற்கு? இங்கேதான் விஷயம் இருக்கிறது. காரை இறக்கியதும், சக்கரம் மேலே எழும்ப இருக்கும் இடம் குறைந்துவிடுகிறது. குறைந்த இடத்துக்குள்ளேயே குழியின் அடியைத் தாங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் சீக்கிரம் அமுங்கக் கூடாது. அதனால்தான் விறைப்பு கூட்டப்படுகிறது.

ஒரு எளிய கணக்கு. ஒரு பின் ஸ்பிரிங்கை 1 மி.மீ அமுக்க 2.5 கிலோ எடை தேவை என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் கார் ஏற்றும் எடை 150 கிலோ. அப்படியானால் அது 60 மி.மீ அமுங்கி நிற்கும். இப்போது 20 சதவீதம் விறைப்பான, அதாவது 1 மி.மீட்டருக்கு 3 கிலோ கேட்கும் ஸ்பிரிங்கை மாட்டினால், அதே 150 கிலோவுக்கு 50 மி.மீ மட்டுமே அமுங்கும். எனவே காரை 30 மி.மீ இறக்க வேண்டுமென்றால் புது ஸ்பிரிங்கின் தனி உயரம் 40 மி.மீ குறைவாக இருக்க வேண்டும்.

இதனால்தான் கடையில் இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் நிறுத்தி, 'உயரம் எவ்வளவு குறைவு' என்று டேப் வைத்து அளந்து முடிவெடுப்பது தப்பு. விறைப்பு தெரியாமல் உயரத்தை மட்டும் வைத்து, கார் எவ்வளவு இறங்கும் என்று சொல்லவே முடியாது.

"ஒரு சுத்து அறுத்து விட்டுடலாம் தம்பி"

புது ஸ்பிரிங் விலையைக் கேட்டு மலைத்து நிற்பவரிடம் சில பட்டறைகளில் சொல்லப்படும் வசனம் இது. "எதுக்கு தம்பி காசு வேஸ்ட் பண்றே, இருக்கிற ஸ்பிரிங்லயே ஒரு சுத்து அறுத்து விட்டுடலாம், வண்டி தானா இறங்கும்." "ஒண்ணும் ஆகாதுல்ல அண்ணே?" என்று கேட்டால், "நாம எத்தனை வண்டி பண்ணியிருக்கோம்" என்று பதில் வரும்.

ஒப்புக்கொள்ளாதீர்கள். காரணங்கள் மூன்று.

முதலாவது, சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைப்பாகும். வேலை செய்யும் 6 சுற்றுகளில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடிவிடும். ஆனால் எவ்வளவு இறங்கும், பக்கத்து ஸ்பிரிங்கோடு ஒத்துப்போகுமா என்பதெல்லாம் அறுப்பவரின் கை அளவுதான்.

இரண்டாவது, ஸ்பிரிங்கின் முனை, அது உட்காரும் தட்டுக்கு ஏற்ற மாதிரி கம்பெனியில் வடிவமைக்கப்பட்டது. அறுத்த முனை அப்படி உட்காராது. பெரிய பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும் அந்த நொடியில், நீளம் போதாத ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு விலகலாம். திரும்ப மேலே வரும்போது கோணலாக மாட்டிக்கொள்ளலாம். 80 கி.மீ வேகத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, அறுப்பதற்கோ இறக்குவதற்கோ காஸ் வெல்டிங் வைத்துச் சூடாக்கினால் ஸ்பிரிங் எஃகின் பதமே போய்விடும். பிறகு நாளாக நாளாக அது தொய்ந்து போகும், அல்லது திடீரென உடையும்.

உங்க கார் எந்த வகை?

வேலை சுலபமா, ஆபத்தானதா என்பதை முடிவு செய்வது பின் சஸ்பென்ஷனின் வகைதான்.

ஸ்விஃப்ட் உட்பட இந்தியாவில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் இருப்பது டார்ஷன் பீம். இரண்டு பின் சக்கரங்களையும் குறுக்கே ஒரு இரும்புப் பீம் இணைக்கும். 1974-ல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப், சிரோக்கோ கார்களில் வந்து பரவலான அமைப்பு இது. இதில் ஸ்பிரிங் தனியாகவும், ஷாக் அப்சார்பர் தனியாகவும் இருக்கும். பீமைக் கீழே இறக்கினாலே ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். பொதுவாக ஸ்பிரிங் கம்ப்ரெஸர் தேவைப்படாது.

சில கார்களில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரைச் சுற்றியே இருக்கும். இது ஆபத்தான வகை. மேல் நட்டைத் திறந்தால், அமுங்கி இருக்கும் ஸ்பிரிங் அத்தனை விசையோடும் வெளியே பாயும். கம்ப்ரெஸர் போட்டு இறுக்காமல் அந்த நட்டைத் தொடவே கூடாது. வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை இது.

மூன்றாவது மல்டிலிங்க் வகை. விலை அதிகமான கார்களில் பார்க்கலாம். பல கைகள், பல போல்ட்கள். மாட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

மாட்டுவது எப்படி? படிப்படியாக

டார்ஷன் பீம் காரை எடுத்துக்கொள்வோம். மெக்கானிக்கிடம் விட்டாலும், அவர் இந்த வரிசையில்தான் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று கவனிக்க இது உதவும்.

1. முதலில் அளவு எடுங்கள். வீல் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டிக்கி காலியாக இருக்க வேண்டும். பிறகு எவ்வளவு இறங்கியது, இரண்டு பக்கமும் சமமாக இறங்கியதா என்று சொல்லப்போவது இந்தக் கணக்குதான்.

2. சமதளமான சிமென்ட் தரை. மண் தரையோ சரிவோ கூடாது. முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். 'ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேனே' என்று இருந்துவிடாதீர்கள். ஹேண்ட் பிரேக் பொதுவாகப் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின் சக்கரமே அந்தரத்தில் இருக்கும்போது அது காரை எப்படி நிறுத்தும்?

3. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும்.

4. ஜாக்கியில் தூக்கி, கார் பாடியில் அதற்கென உள்ள இடங்களுக்குக் கீழே இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடுவது உயிரோடு விளையாடுவது. ஸ்டெப்னி மாற்றக் கொடுக்கும் கம்பெனி ஜாக்கிக்கு இந்த வேலையில் இடமே இல்லை. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

5. சக்கரங்களைக் கழற்றி, பீமுக்குக் கீழே ட்ராலி ஜாக் கொடுத்து லேசாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இது முக்கியம். சக்கரம் அளவுக்கு மீறி கீழே இறங்காமல் பிடித்துக்கொண்டிருப்பது ஷாக் அப்சார்பர்தான். பீமைத் தாங்காமல் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பீம் தடாலென்று விழும். ஸ்பிரிங்கும் தெறிக்கும்.

6. இரண்டு பக்க ஷாக்கின் கீழ் போல்ட்களையும் கழற்றிவிட்டு, ட்ராலி ஜாக்கை மெதுவாக இறக்க வேண்டும். இறக்கும்போது கண் இருக்க வேண்டிய இடம் பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ் வயர், ஹேண்ட் பிரேக் கேபிள். இவை இழுபட்டால் உடனே நிறுத்தி, கிளிப்பை விடுவித்த பிறகே மேலும் இறக்க வேண்டும். கேபிளில் காரைத் தொங்க விடுவது போன்ற தவறு வேறில்லை.

7. ஸ்பிரிங் தளர்ந்ததும் கையால் எடுத்துவிடலாம். மேலேயும் கீழேயும் இருக்கும் ரப்பர் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெடிப்பு இல்லாமல் இருந்தால் அதையே புது ஸ்பிரிங்கில் மாட்டலாம். வெடித்திருந்தால் புதுசு வாங்குவதே நல்லது. பழைய ரப்பரோடு மாட்டினால் அடுத்த வாரமே 'டொக் டொக்' சத்தம் தொடங்கிவிடும்.

8. புது ஸ்பிரிங்கில் அச்சிட்ட எண்களைச் சரிபார்க்க வேண்டும். முன் ஸ்பிரிங், பின் ஸ்பிரிங் வேறு வேறு. எழுத்து நேராகப் படிக்கும்படி இருப்பதுதான் பொதுவாகச் சரியான நிலை. இருந்தாலும் பெட்டியோடு வரும் தாளில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் இறுதி. ஸ்பிரிங் முனை, தட்டில் இருக்கும் படியில் போய்ச் சரியாக முட்டி நிற்க வேண்டும்.

9. பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் குமிழைத் தேவையில்லாமல் வெட்டக் கூடாது. ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது இரும்போடு இரும்பு மோதாமல் காப்பது அதுதான். வெட்டச் சொல்லி ஸ்பிரிங் தயாரித்தவரே குறிப்பிட்டிருந்தால் மட்டும், அவர் சொன்ன அளவுக்கு வெட்டலாம்.

10. பீமை மெதுவாக உயர்த்தி ஷாக் போல்ட்டை மாட்டுங்கள். ஆனால் முழுசாக இறுக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்

ஷாக் அப்சார்பரின் கீழ் முனையிலும், பீமின் முன் முனையிலும் ரப்பர் புஷ் இருக்கும். போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் நடுவில் உள்ள இரும்புக் குழாய் அசையாமல் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும்.

சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? அந்தத் தொங்கும் நிலையே ரப்பருக்கு 'இயல்பு நிலை' ஆகிவிடும். காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். 24 மணி நேரமும், ஓடினாலும் நின்றாலும் அந்த முறுக்கு இருக்கும். சில மாதங்களில் புஷ் கிழிந்துவிடும். உயரமும் சரியாக உட்காராது.

எனவே சரியான முறை: காரின் எடை சக்கரத்தின் மேல் வந்த பிறகு, அதாவது கார் ஓடும் உயரத்தில் நிற்கும்போது, டார்க் ரெஞ்ச் வைத்து, கார் நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பீமின் முன் புஷ் போல்ட்டையும் தளர்த்தி, இதே நிலையில் திரும்ப இறுக்கினால் இன்னும் நல்லது. இல்லையென்றால் அந்தப் புஷ், இறக்கிய 30 மி.மீட்டருக்கு ஏற்றபடி நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருக்கும்.

முடிந்ததும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்து, மறுபடி நான்கு பக்கமும் அளக்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ ஓடியதும் வீல் நட், ஷாக் போல்ட் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

ஹெட்லைட்டுக்கும் பின் ஸ்பிரிங்குக்கும் என்ன சம்பந்தம்?

இதுதான் யாரும் யோசிக்காத ஆபத்து. பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் காரின் மூக்கு மேலே பார்க்கும். மூக்கு மேலே பார்த்தால் ஹெட்லைட்டும் மேலே பார்க்கும்.

2018-ல் வந்த ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ் 2,450 மி.மீ. அதில் பின்னால் மட்டும் 30 மி.மீ இறக்கினால், ஒவ்வொரு மீட்டருக்கும் வெளிச்சம் சுமார் 1.2 செ.மீ மேலே ஏறும். லோ பீம் பொதுவாக மீட்டருக்குச் சுமார் 1 செ.மீ கீழே சாயும்படிதான் வைக்கப்படுகிறது. அதாவது, எதிரே வருபவர் கண்ணில் படக்கூடாது என்று வைத்த சாய்வு மொத்தமும் போய்விட்டது. 25 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 30 செ.மீ உயர்ந்திருக்கும்.

ஓட்டுநர் 'நான் டிம்லதானே போட்டிருக்கேன்' என்று நினைத்துக்கொண்டு போவார். எதிரே பைக்கில் வருபவருக்கோ அது ஹை பீம் மாதிரி கண்ணில் அடிக்கும். இரு வழிச் சாலையில், நடுவில் தடுப்பு இல்லாத இரவில், ஒரு நொடி கண் கூசினால் போதும். ஸ்பிரிங் மாட்டிய கையோடு ஹெட்லைட் கோணத்தைச் சரிசெய்வது கட்டாயம். டேஷ்போர்டில் லெவலிங் பட்டன் இருந்தால் அது அவசரத்துக்கு உதவும். ஆனால் ஹெட்லைட்டிலேயே திருகி சரிசெய்வதுதான் நிரந்தரத் தீர்வு.

பின்பக்கம் மட்டும் இறக்காமல் நான்கு ஸ்பிரிங்கையும் ஒரே செட்டாக மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், பின் ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கினால் வளைவில் கார் நடந்துகொள்ளும் விதம் மாறும். பின்பக்கம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் பிடிமானம் இழக்கலாம். மழைநாளில், அவசரமாக ஸ்டீயரிங் திருப்பும்போது அது தெரியவரும். அப்போது தெரிந்து பயனில்லை.

பிரேக்கும் மாறுமா?

எல்லா காரிலும் இல்லை. ஆனால் சில பழைய கார்கள், வேன்களில் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதைப் பின்பக்க உயரத்தை வைத்து ஒரு வால்வு முடிவு செய்யும். பின்பக்கம் தாழ்ந்தால் 'லோடு ஏறியிருக்கு' என்று எடுத்துக்கொண்டு அதிக அழுத்தம் அனுப்பும்.

காலி காரை ஸ்பிரிங் மாற்றி இறக்கினாலும் அந்த வால்வுக்கு வித்தியாசம் தெரியாது. லோடு இல்லாத பின் சக்கரத்துக்கு லோடு உள்ள அளவு பிரேக் கிடைக்கும். சக்கரம் லாக் ஆகி கார் சுழலக்கூடும். காருக்கு அடியில் பின் பீமிலிருந்து பாடிக்கு ஒரு சின்னக் கம்பியோ ஸ்பிரிங்கோ போய் வால்வில் இணைந்திருந்தால், அதையும் புது உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும்.

குடும்பம் ஏறினால் என்ன ஆகும்?

மறுபடி அதே கணக்கு. கம்பெனி ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் சேர்த்து 1 மி.மீ அமுங்க 5 கிலோ. பின் சீட்டிலும் டிக்கியிலும் சேர்த்து 200 கிலோ ஏறினால் 40 மி.மீ இறங்கும். காலி காரில் பம்ப் ஸ்டாப் வரை 90 மி.மீ இடம் இருந்தது என்றால், மிச்சம் 50 மி.மீ.

இப்போது லோயரிங் ஸ்பிரிங். காலி காரிலேயே 30 மி.மீ போய்விட்டது, இருப்பது 60. விறைப்பு கூடியதால் அதே 200 கிலோவுக்கு 33 மி.மீதான் இறங்கும். மிச்சம் 27 மி.மீ. கிட்டத்தட்ட பாதி. தனியாக ஓட்டும்போது 'சூப்பரா இருக்கு' என்று தோன்றும் அதே கார், பெற்றோரை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு குழியிலும் 'டம்' என்று அடிக்கும். அடி வாங்குவது பின் சீட்டில் இருப்பவர்களின் இடுப்பு.

வேகத்தடை கதை தனி. இந்தியச் சாலைகள் பேரவையின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 10 செ.மீ உயரம், 3.7 மீட்டர் அகலத்தில், வட்டமாக இருக்க வேண்டும். ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. நான்கு பக்கமும் 30 மி.மீ இறக்கினால் 133. ஆட்கள் ஏறினால் அதிலும் குறையும். விதிப்படி போட்ட வேகத்தடை என்றால் மெதுவாகச் சமாளித்துவிடலாம். ஆனால் நம் தெருக்களில் இருப்பது எல்லாம் விதிப்படி போட்டதுதானா என்பது ஓட்டுபவர்களுக்கே தெரியும்.

அப்போ நன்மையே இல்லையா?

இருக்கிறது. காரின் எடை மையம் தாழ்ந்தால் வளைவில் ஒரு பக்கச் சக்கரங்களிலிருந்து மறுபக்கத்துக்கு எடை மாறுவது குறையும். 1,000 கிலோ எடையுள்ள, எடை மையம் 55 செ.மீ உயரத்தில், சக்கர அகலம் 1.5 மீட்டர் கொண்ட ஒரு கார் வேகமாகத் திரும்புகிறது. பக்கவாட்டு விசை எடையில் 60 சதவீதம் என்றால், மாறும் எடை 220 கிலோ. நான்கு பக்கமும் 30 மி.மீ இறக்கினால் அது 208 கிலோ. வித்தியாசம் 12 கிலோ.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களில் நொடியின் ஒவ்வொரு பங்குக்கும் மதிப்பு உண்டு. அங்கே இந்த 12 கிலோவும், விறைப்பான ஸ்பிரிங்கால் சாய்வு குறைவதும் பெரிய விஷயம். ஆபீஸுக்குப் போய் வரும் காரில் இது உணரும் அளவுக்கு இருக்குமா என்பதை ஓட்டுபவர்தான் யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் அமைப்பு மாற்றமே இங்கே 'மாற்றம்' எனப்படுகிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதியின்றி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

ஸ்பிரிங் மாற்றுவது மட்டும் 'அமைப்பு மாற்றம்' ஆகுமா என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. ஆர்.சி-யில் கிரவுண்ட் கிளியரன்ஸ் எழுதியிருக்காது. ஆனால் சாலையோரச் சோதனையில் அந்த வாதத்தை நடத்துவது சுலபம் இல்லை. அதனால் மாட்டும் முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிப்பதும் பாதுகாப்பு. சொல்லாமல் மாற்றிவிட்டு விபத்து நடந்தால், க்ளெய்ம் கேட்கும்போது முதல் கேள்வியே இதுவாக இருக்கலாம்.

ஜெர்மனியில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. அங்கே விற்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள், எந்த காருக்குப் பொருந்தும் என்ற தொழில்நுட்பச் சான்றோடு வருகின்றன. மாட்டிய பிறகு அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகரிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் அந்த மாற்றம் சட்டப்படியானது. அப்படியொரு சுலபமான வழி இங்கே கார் பிரியர்களுக்கு இன்னும் இல்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பக்க ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாமா?
கூடாது. இடது, வலது இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே செட்டாக மாற வேண்டும்.

பழைய ஷாக் அப்சார்பரே போதுமா?
நல்ல நிலையில் இருந்து, இறக்கம் 30 மி.மீட்டருக்குள் இருந்தால் பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் விறைப்பான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க ஷாக்குக்குக் கூடுதல் வேலை. எண்ணெய் கசிந்தாலோ, கார் ஏற்கெனவே குதித்தாலோ முதலில் மாற்ற வேண்டியது ஷாக்தான், ஸ்பிரிங் அல்ல.

வீல் அலைன்மென்ட் அவசியமா?
டார்ஷன் பீமில் பின் சக்கரக் கோணங்களைப் பெரும்பாலும் மாற்றவே முடியாது. ஆனாலும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. முன்பக்கமும் இறக்கினாலோ, மல்டிலிங்க் காராக இருந்தாலோ கட்டாயம். இல்லையென்றால் டயரின் உள்பக்கம் மட்டும் தேயும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது, தெரியும்போது டயர் போயிருக்கும்.

வெறும் தோற்றத்துக்காகத்தான் என்றால்?
அந்த இடைவெளிதான் உறுத்துகிறது என்றால், கார் நிறுவனம் அனுமதித்த அளவுக்குள் வேறு அலாய் வீல், டயர் போடுவதாலேயே ஓரளவு தோற்றம் மாறும். பழைய ஸ்பிரிங்குகளையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள். பிடிக்காவிட்டாலும், காரை விற்க நினைத்தாலும், அந்த இரண்டு ஸ்பிரிங்தான் கைகொடுக்கும்.

ஸ்பிரிங் வாங்கும் முன் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்க்கலாம். வழக்கமாக உங்கள் காரில் ஏறும் அத்தனை பேரையும் ஏற்றி, டிக்கியில் லக்கேஜையும் வைத்து, அந்த நாலு விரல் இடைவெளியில் மிச்சம் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால், அந்தக் காரில் இறக்க இனி இடமில்லை.